நெஞ்சு எரியவில்லை, ஆனால் தொண்டை விடமாட்டேன் என்கிறது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 42. பள்ளி ஆசிரியை. எட்டு மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது. நாள் முழுக்கச் செருமிக்கொண்டே இருக்கிறேன். வருவதென்னவோ துளி வெள்ளைச் சளிதான். காலையில் எழுந்தால் குரல் கட்டியிருக்கிறது. நெஞ்செரிச்சல் எப்போதாவதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருக்கிறது, அமிலம் மேலே வருகிறது என்றார். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகு மூன்று மாதம் சாப்பிட்டேன். பெரிய வித்தியாசம் தெரியாததால் நானே நிறுத்திவிட்டேன். அந்த வாரமே நெஞ்சு எரிய ஆரம்பித்தது. இரவு இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறேன், தொண்டைக்கு இதமாகப் புதினா மிட்டாய் சப்புகிறேன். சாப்பிட இரவு பத்து மணி ஆகிவிடுகிறது, பத்தரைக்குப் படுக்கை. புற்றுநோயாக இருக்குமோ என்று பயம். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா?

பதில்: முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம். அது இருக்கும்வரை நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது.

உங்கள் குரல்வளையை ஒருவர் நேரடியாகப் பார்த்திருக்கிறார். உணவுக்குழாயையும் இரைப்பையையும் எண்டோஸ்கோபியில் பார்த்தாகிவிட்டது. இரண்டிலும் கட்டி இல்லை. இது பெரிய ஆறுதல். இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். அந்த 'ஒட்டிக்கொண்ட' உணர்வு எப்போது அதிகம் என்று கவனியுங்கள். வெறும் எச்சிலை விழுங்கும்போது உறுத்தி, சாப்பிடும்போது மறந்தே போகிறது என்றால் அங்கே அடைப்பு எதுவும் இல்லை. தொண்டைத் தசை இறுகுவதாலும், அங்குள்ள நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவதாலும் வரும் உணர்வு அது. கெட்டியான உணவு நிஜமாகவே பாதியில் நின்று, தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் விஷயம் வேறு. அப்போது தாமதிக்கக் கூடாது.

தாமதிக்கக் கூடாத மற்றவை: விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் விடாத வலி, ரத்த வாந்தி, கருப்பாக மலம், மூச்சிழுக்கும்போது சீறும் சத்தம். குரல் கரகரப்பு இடைவெளியே இல்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும், முன்பு பார்த்தது பல மாதம் ஆகியிருந்தால் கட்டாயம். புகைப்பவர்களுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பானது. நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுகினால், அதை அமிலம் என்று நீங்களே முடிவு செய்யாமல் முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி தொண்டைக்கு வருவோம். இரைப்பையில் இருப்பது உணவுக்குழாயைத் தாண்டித் தொண்டைவரை ஏறுவதைத் தொண்டை எதுக்களிப்பு என்கிறோம். 'நெஞ்செரிச்சல் இல்லாமல் அமிலமா?' என்று பலர் நம்ப மறுப்பார்கள். காரணம் எளியது. உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். மேலும் கீழும் ஒவ்வொரு சுருக்குத்தசை. சாப்பிட்ட பிறகு கீழ்த்தசை அவ்வப்போது தானாகத் தளரும். ஏப்பம் வருவதே அப்படித்தான். அந்தச் சமயத்தில் கொஞ்சம் அமிலமும் மேலே வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். உணவுக்குழாய் அதைத் தாங்கும். அதன் உள்தோல் பல அடுக்கானது. அது அலை போலச் சுருங்கி, வந்ததைக் கீழே தள்ளிவிடும். மிச்சத்தை எச்சிலில் உள்ள பைகார்பனேட் கழுவிவிடும். குரல்வளைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அங்கே ஆவியாகவோ நுரையாகவோ துளி பட்டாலே வீங்கும், சளி சுரக்கும், எரியும். ஆக, உணவுக்குழாய் கண்டுகொள்ளாத அளவே தொண்டைக்கு அதிகம். உங்கள் எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்ததில் வியப்பில்லை, தொண்டைத் தொந்தரவோடு வருபவர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஏறி வருவது அமிலம் மட்டும் இல்லை, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியும் கூட வருகிறது. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்; பி.எச். 2 அளவில் அது மும்முரமாக வேலை செய்யும். 6.5க்கு மேல் போனால் அடங்கிக் கிடக்கும், ஆனால் அழியாது; மறுபடி அமிலம் பட்டால் விழித்துக்கொள்ளும். எட்டை நெருங்கினால்தான் மொத்தமாகச் செயலிழக்கும். இவை ஆய்வகத்தில் கண்டவை. இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் உங்கள் மாத்திரையின் வரம்பு இங்கேதான் இருக்கிறது. பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் அமிலம் சுரப்பதைக் குறைக்கின்றன. ஏறி வருவதை அவை நிறுத்துவதில்லை. புளிப்புக் குறைந்த திரவம் அதே கதவு வழியாக, அதே பெப்சினோடு, அதே நேரத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அதோடு நீங்கள் அதைச் சாப்பிட்ட நேரமும் சரியில்லை. இரைப்பைச் சுவரில் அமிலத்தைத் தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. உணவு உள்ளே போகும்போதுதான் அவை பெருமளவில் இயங்கத் தொடங்கும். மாத்திரை இயங்கும் பம்பை மட்டுமே பிடித்து அடைக்கும், தூங்கும் பம்பைத் தொடாது. ரத்தத்தில் மருந்து தங்குவதோ ஓரிரு மணி நேரம்தான். எனவே பம்பு விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில், மெல்லாமல், உடைக்காமல் விழுங்க வேண்டும் என்பது அதனால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் மருந்து சென்று சேர்வதற்குள் ரயில் போய்விடும். படுக்கும் முன் போட்டுக்கொள்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். எரியும் அன்று மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதிலும் பெரிய பயன் இல்லை, முழு வீச்சு வர மூன்று நான்கு நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

சரி, நேரத்தைத் திருத்தி மறுபடி ஆரம்பித்தால் போதுமா? அவசரப்பட வேண்டாம் என்பேன். தொண்டைத் தொந்தரவு நீடித்த 346 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. பாதிப் பேருக்கு உங்கள் மாத்திரை வகையைச் சேர்ந்த லான்சோபிரசோல் 30 மி.கி. தினம் இரண்டு வேளை, 16 வாரம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரு தரப்புக்கும் குணம் தெரிந்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள் போலி மாத்திரைக்காரர்களைவிட ஒரு படிகூட முன்னால் இல்லை. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் சங்கம் 2022இல் தந்த வழிகாட்டுதல், தொண்டைத் தொந்தரவு மட்டும் இருந்து நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கு மாத்திரைக்கு முன்பே எதுக்களிப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு மட்டும் தினம் இரு வேளை, 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது.

'நிறுத்தியதும் எரிந்ததே, அப்படியென்றால் எனக்கு மாத்திரை தேவைதானே?' என்று நீங்கள் கேட்பீர்கள். அது பொறியில் மாட்டும் இடம். இந்த மாத்திரை பல வாரம் அமிலத்தை அடக்கி வைத்தால், ஈடுகட்ட உடல் அமிலத்தைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டிவைக்கும். மாத்திரையை வெட்டென நிறுத்தினால் அணை திறந்தது போல அமிலம் பொங்கும். எந்த நோயும் இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்தியபோதும் அவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. ஆகவே அந்த வார எரிச்சலை நோயின் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும்.

என் கருத்து இதுதான்: உங்கள் விஷயத்தில் மாத்திரையைவிட இரவு பத்து மணியும் பகல் முழுக்கச் செருமலும்தான் முக்கியக் குற்றவாளிகள். இவை இரண்டையும் ஆறு வாரம் ஒழுங்காகத் திருத்திப் பார்க்காமல் எந்த மருந்தின் பலனையும் எடைபோட முடியாது.

இரவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி உணவுக்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். வேலை அப்படி, முடியாது என்றால் நேரத்தை விட்டுவிட்டு அளவை மாற்றுங்கள். நாளின் பெரிய உணவு மதியத்தில் இருக்கட்டும். மாலை ஆறு ஏழு மணிக்கு, வேலை இடத்திலேயே ஆனாலும், ஒரு நடுத்தர உணவை முடித்துவிடுங்கள். பத்து மணிக்குப் பசித்தால் கொழுப்பில்லாத ஏதாவது நான்கு வாய், அவ்வளவுதான். இரவில் தொண்டை ஏன் அதிகம் அடிவாங்குகிறது தெரியுமா? தூக்கத்தில் நாம் விழுங்குவது மிகவும் குறைவு, எச்சிலும் அநேகமாகச் சுரப்பதில்லை. படுத்த நிலையில் கீழே இழுக்கும் புவியீர்ப்பும் உதவாது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் கழுவும் தண்ணீர் இல்லாத நேரத்தில் அழுக்கைக் கொட்டுவது போல. காலையில் குரல் கட்டியிருப்பது இதன் தடயம்.

இரண்டு தலையணைகளை எடுத்துவிடுங்கள். அவை தலையையும் கழுத்தையும் மட்டும் தூக்குகின்றன, உடல் நடுவில் மடிகிறது, வயிறு அழுந்துகிறது, இரைப்பை மேல்நோக்கிப் பிதுங்குகிறது. உதவுவதாக நினைத்து நாமே அமிலத்தை மேலே பம்பு அடிக்கிறோம். உடல் இடுப்பிலிருந்தே சரிவாக இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள கட்டைகளை வையுங்கள். கட்டையின் மேல்பக்கம் கால் உட்காரும் அளவுக்குச் சிறு குழி இருந்தால் கட்டில் நழுவாது. முதல் வாரம் 10 செ.மீ. போதும், பழகிய பிறகு உயர்த்துங்கள். எடுத்த எடுப்பிலேயே 20 செ.மீ. வைத்துவிட்டு, இரவெல்லாம் கால்மாட்டுக்குச் சரிந்து, மூன்றாம் நாள் கட்டையைத் தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். தரையில் படுப்பவர்களும் கட்டிலை உயர்த்த முடியாதவர்களும் முதுகு முழுவதையும் தாங்கும் ஆப்பு வடிவத் தலையணை வாங்கலாம். மெல்லிய ஸ்பாஞ்ச் அமுங்கிவிடும், கெட்டியானதாகப் பாருங்கள்.

இடப்பக்கமாகப் படுங்கள். இரைப்பை இடப்பக்கம் வளைந்து தொங்கும் பை. இடப்பக்கம் படுத்தால் உணவுக்குழாய் சேரும் வாய் அமிலக் குட்டைக்கு மேலே இருக்கும், வலப்பக்கம் படுத்தால் குட்டைக்குள் மூழ்கும். தூக்கத்தில் புரள்பவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளமான தலையணை ஒன்றை முட்டுக்கொடுக்கலாம். தோள் வலி இருந்தால் இடப்பக்கத்துக்காகச் சண்டை போட வேண்டாம், சரிவு மட்டும் போதும்.

அடுத்தது செருமல். இந்த நோயில் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது, மருத்துவர்களும் சேர்த்துத்தான். ஒவ்வொரு முறை செருமும்போதும் இரண்டு குரல்நாண்களும் ஒன்றோடொன்று பலமாக மோதி உரசுகின்றன. மோதினால் வீங்கும். வீங்கிய இடம் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைச் சுரக்கும். சளி இருப்பதாகத் தோன்றுவதால் மறுபடி செருமுவீர்கள். அமிலம் என்றோ நின்றுபோயிருந்தாலும் இந்தச் சக்கரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். 'மருந்தால் பலனில்லை' என்று சொல்பவர்களில் ஒரு சாராருக்கு மிச்சம் இருப்பது அமிலம் அல்ல, இந்தச் சக்கரம்தான். வீட்டில் யாராவது 'எப்பப் பாத்தாலும் செருமிட்டே இருக்கியே' என்று சொல்லியிருப்பார்களே, அவர்கள் கணக்கு உங்கள் கணக்கைவிடச் சரியாக இருக்கும்.

முதல் இரண்டு நாள் எதையும் மாற்ற வேண்டாம், எண்ணுங்கள். ஒரு பாடவேளையில் எத்தனை முறை என்று நோட்டின் ஓரத்தில் கோடு போடுங்கள். எண்ணிப் பார்த்தால் திகைத்துவிடுவீர்கள். மூன்றாம் நாளிலிருந்து, உந்துதல் வந்ததும் பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு மடக்கு குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் முகவாயை லேசாகக் கீழே இறக்கி, எச்சிலை ஒரே ஒரு முறை அழுத்தி விழுங்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாய் திறந்து சத்தமில்லாமல் 'ஹா' என்று மூச்சை விட்டு, பிறகு விழுங்குங்கள். தனியாக இருந்தால் உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று மெல்ல ஐந்து வினாடி முனகலாம். அந்த அதிர்வு சளியை நகர்த்திவிடும், குரல்நாண் மோதாது. உந்துதல் அலை போல எழுந்து அடங்கும், அந்த அலையைத் தாண்டினால் போதும்.

இதில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. செருமலை விட்டுவிட்டு 'க்கும்' என்ற குட்டி இருமலுக்கு மாறிக்கொள்வது ஒன்று, குரல்நாணுக்கு இரண்டும் ஒன்றுதான். வறண்ட தொண்டையில் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கிப் பார்ப்பது மற்றொன்று. விழுங்க எச்சில் இல்லாதபோது தசை இன்னும் இறுகும், 'உருண்டை' இன்னும் பெரிதாகத் தெரியும். முதல் வாரத்தில் சளி கூடிவிட்டது போல இருக்கும். அது வழக்கம், பயந்து பழையபடி செருமத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நோட்டுக் கோடுகள் குறையும்.

புதினா மிட்டாயை இன்றே நிறுத்துங்கள். குளிர்ச்சி தருவது ஒரு தோற்றம்தான், புதினா இரைப்பையின் வாய்த் தசையைத் தளர்த்தும். மென்றே ஆக வேண்டுமென்றால் புதினா சேராத, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மைச் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் மெல்லலாம். எச்சில் பெருகும், அடிக்கடி விழுங்குவீர்கள், உணவுக்குழாய் கழுவப்படும். ஆசிரியை என்பதால் இன்னும் ஒன்று. வகுப்பில் சிறிய ஒலிபெருக்கி கிடைத்தால் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். குரல் கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இறுக்கிக்கொள்வார்கள். தாழ்ந்த, இயல்பான குரலே நல்லது.

உணவு விஷயத்தில் நீளமான தடைப்பட்டியல் தரப் போவதில்லை. எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் ஒன்று இல்லை. அளவு, கொழுப்பு, நேரம் இந்த மூன்றும்தான் முதலில். அதன் பிறகு காபி, தேநீர், சாக்லேட், சோடா, மது, எலுமிச்சை வகைகள், தக்காளி, காரம் ஆகியவற்றை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூன்று நாளுக்கு ஒன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். எது வந்தபோது தொண்டை கெட்டதோ அதை மட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டு உடம்பு மெலிந்து வருபவர்களைப் பார்த்தால் நோயைவிட வைத்தியம் கொடுமை என்று தோன்றும். புகைப்பழக்கம் இருந்தால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. எடை கூடியிருந்தால் குறைப்பது உண்மையிலேயே பலன் தரும். இறுக்கமான இடுப்புக் கட்டைத் தளர்த்துங்கள்.

புளிப்புக்கு எதிரான காரத்தன்மை கொண்ட 'ஆல்கலைன்' தண்ணீர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பி.எச். 8.8 உள்ள தண்ணீர் ஆய்வகக் குழாயில் பெப்சினை முடக்குவது உண்மை. காய்கனி மிகுந்த உணவோடு சேர்த்து அதைக் குடித்தவர்களுக்கு, மாத்திரை சாப்பிட்டவர்கள் அளவுக்கே குணம் தெரிந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் பழைய நோயாளிக் குறிப்புகளைப் புரட்டிச் செய்த ஆய்வு அது. உணவால் வந்த பலனா, தண்ணீரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. காசு செலவழித்து வாங்கத் தேவையில்லை. சமையல் சோடாவைத் தினமும் கரைத்துக் குடிப்பது கூடவே கூடாது. சோடியம் ஏறும், வாயு கிளம்பும், அந்த வாயுவே ஏப்பமாகி அமிலத்தையும் தூக்கிவரும்.

மாத்திரைக்கு மாற்றாக எனக்குப் பிடித்தது ஆல்ஜினேட் திரவம். கடற்பாசியிலிருந்து எடுப்பது. அமிலத்தோடு சேர்ந்ததும் ஜெல்லியாகி, இரைப்பையில் உள்ளவற்றின் மேல் தெப்பம் போல மிதக்கும். மேலே ஏற முற்படுவதைத் தெப்பம் மறிக்கும், அமிலம் பெப்சின் என்று பார்க்காது. சாப்பிட்டு முடித்த பிறகும், படுக்கும் முன் எல்லாவற்றுக்கும் கடைசியாகவும் குடிக்க வேண்டும். சாதாரண வகை ஒரு வேளைக்கு 10 முதல் 20 மி.லி.; செறிவு கூடியது 5 முதல் 10 மி.லி.; சீசாவில் எழுதியதைப் பாருங்கள். குடித்த பிறகு தண்ணீரோ வேறெதுவோ குடித்தால் தெப்பம் கலைந்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் மிதக்க எதுவும் இல்லாமல் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். இதில் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளோடு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தால் இழுக்கும் மூச்சும் வீண் போகாது, கீழ்ச் சுருக்குத்தசையைச் சுற்றி அணைத்திருப்பது உதரவிதானத்தின் தசைதான். உட்கார்ந்து ஒரு கையை மார்பிலும் மற்றதை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுக்கையில் வயிற்றுக் கை மட்டும் எழ வேண்டும், மார்புக் கை அசையக் கூடாது. ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம். ஆழமாக இழுக்க வேண்டும் என்று முக்கினால் காற்றையும் சேர்த்து விழுங்கிவிடுவீர்கள், மெதுவாகப் போதும்.

நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளை எழுதவில்லை. ரத்த அழுத்தத்துக்கு 'பிரில்' என்று முடியும் பெயருள்ள மாத்திரை சாப்பிட்டால், தொண்டை அரிப்பும் வறட்டு இருமலும் அதனாலேயே வரலாம், அமிலத்துக்குச் சம்பந்தமே இருக்காது. அம்லோடிபின் போன்றவை சுருக்குத்தசையைத் தளர்த்தும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால், வாய் கொப்பளிக்காவிட்டால் குரல் கட்டும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள். ஒவ்வாமையால் மூக்கிலிருந்து பின்பக்கம் சளி வடிவதும் அச்சு அசலாக இதே தொந்தரவைத் தரும். குரல்வளையின் 'சிவப்பு' மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் அந்தச் சிவப்பு தென்படுவதுண்டு.

எதுக்களிப்புதானா என்று உறுதி செய்ய 24 மணி நேர பி.எச். மின்தடைச் சோதனை இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இடுப்பில் ஒரு கருவியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அமிலம், அமிலமற்ற திரவம், வாயு எது எப்போது எவ்வளவு உயரம் ஏறியது என்று பதிவாகும். இருமினாலும் செருமினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். அன்று வழக்கம்போலச் சாப்பிடுங்கள், வழக்கம்போல வேலைக்குப் போங்கள். பயந்து பட்டினி கிடந்தால் சோதனையும் பொய் சொல்லும். வழக்கமாக மாத்திரையை ஏழு நாள் நிறுத்திய பிறகு செய்வார்கள். முடிவு எதுக்களிப்பு இல்லை என்று வந்தால் அதுவும் நல்ல செய்திதான். தொண்டை நரம்புகள் கூர்மையாகிவிட்ட நிலை என்று வைத்து, குரல் பயிற்சியாளரிடம் சில அமர்வுகளும், தேவைப்பட்டால் நரம்பைத் தணிக்கும் மருந்து குறைந்த அளவிலும் கொடுப்போம். 'மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உணர்வு நிஜம்தான், காரணம்தான் வேறு.

வாழ்நாள் மாத்திரையா என்ற கேள்விக்கு: உங்கள் எண்டோஸ்கோபி சுத்தமாக இருப்பதால் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கடுமையான உணவுக்குழாய்ப் புண், பாரெட் மாற்றம் (உணவுக்குழாயின் உள்தோல் குடலின் உள்தோல் போல மாறிவிடுவது), ரத்தக்கசிவு அபாயத்தோடு வலிமாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிடுவது ஆகிய நிலைகளில்தான் நீண்ட காலம் தேவை; அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. சோதனைக்குப் பிறகு உங்கள் மருத்துவர் மறுபடி தொடங்கினால், முடிக்கும்போது வெட்டென நிறுத்தாமல் பாதி அளவில் இரண்டு வாரம், ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டு வாரம் என்று இறங்கலாமா என்று கேளுங்கள். பொங்கும் நாட்களை ஆல்ஜினேட் சமாளிக்கும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12, மெக்னீசியம் அளவைப் பார்ப்பது நல்லது.

தொண்டை மெதுவாகத்தான் ஆறும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம், நாளுக்கு நாள் பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்பது விஷயங்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்: குரல் கரகரப்பு, செருமல், தொண்டைச் சளி, விழுங்குவதில் சிரமம், சாப்பிட்ட பின்போ படுத்த பின்போ இருமல், மூச்சுத் திணறல், தொல்லை தரும் இருமல், தொண்டையில் உருண்டை, நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ. மொத்தம் 45, 13க்கு மேல் இருந்தால் அசாதாரணம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அன்று காலை எழுந்ததும், யாரோடும் பேசுவதற்கு முன், எப்போதும் ஒரே பத்தியைப் படித்துப் போனில் பதிவு செய்யுங்கள். ஆறு வாரத்தில் ஆறு பதிவுகள், ஆறு மதிப்பெண்கள், கோடுகள் போட்ட நோட்டு, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர். இவற்றோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையா, பரிசோதனையா, குரல் பயிற்சியா என்று அன்றைக்கே அவரால் முடிவு செய்ய முடியும்.